டி.என்.ஏ. உடைந்தால் யார் சரிசெய்கிறார்கள்? சித்தியின் மாத்திரையிலிருந்து ஒரு கதை

வழக்கமா இந்த பாட்காஸ்ட்டில் நான்தான் கேள்வியைத் தேடிப் போவேன். இந்த முறை கேள்வி வாட்ஸ்அப்பில் என்னைத் தேடி வந்தது.

அனுப்பியது என் சித்தி பொண்ணு. சித்திக்குப் போன வருஷம் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது வீட்டில் இருக்காங்க. டாக்டர் ஒரு ஜெனடிக் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தார். அந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி, கீழே தங்கச்சி இப்படி எழுதியிருந்தாள்:

“அண்ணா, ரெண்டு விஷயம் புரியல. அம்மாவுக்கு டி.என்.ஏ.வை ரிப்பேர் பண்ற புரோட்டீன்ல குறைன்னு இதுல போட்டிருக்கு. ஆனா இப்போ குடுத்திருக்கிற மாத்திரையைப் பத்திப் படிச்சா, அது இன்னொரு ரிப்பேர் புரோட்டீனை நிறுத்திடும்னு இருக்கு. ஏற்கனவே ஒண்ணு வேலை செய்யல. இன்னொண்ணையும் நிறுத்தினா எப்படிச் சரியாகும்? ரெண்டாவது, இது எனக்கும் வருமா?”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. நான் கோடு எழுதுகிறவன். பயாலஜியைப் பிளஸ் டூவோடு விட்டவன். “ரெண்டு நாள் டைம் குடு” என்றேன். ரெண்டு நாள் மூணு வாரம் ஆயிடுச்சு. அப்படிப் படித்ததுதான் இந்த எபிசோடு. சித்தி, தங்கச்சி ரெண்டு பேரிடமும் கேட்டு, அவங்க சரி என்று சொன்ன பிறகுதான் ரெக்கார்ட் செய்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை சேதம்?

முதலில் அடிப்படையிலிருந்து வருவோம். நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. டி.என்.ஏ. இருக்கிற ஒவ்வொரு செல்லிலும் அதை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அதில் ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகளில் 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்து ஜோடிகள்.

1970-களின் தொடக்கம் வரைக்கும் டி.என்.ஏ. என்பது கல்வெட்டு மாதிரி அசையாத ஒரு பொருள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தகவலைக் கடத்துகிற பொருள் உறுதியாகத்தானே இருக்கணும்? ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்டால் இதைச் சந்தேகப்பட்டார். வெறும் தண்ணீரில், உடம்புச் சூட்டில் வைத்தாலே டி.என்.ஏ. மெதுவாகச் சிதைகிறது என்று அளந்து காட்டினார். அவர் கணக்குப்படி பார்த்தால், இந்த வேகத்தில் சிதைகிற ஒரு பொருளை நம்பி உயிரினம் இருக்கவே முடியாது. ஆனால் நாம் இருக்கிறோம். அப்படின்னா, உள்ளே யாரோ விடாமல் சரிசெய்துகொண்டே இருக்கணும். அந்த ‘யாரோ’வைத் தேடிப் போய்த்தான் அவர் முதல் ரிப்பேர் என்சைம்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இன்றைய கணக்கு என்னன்னா, ஒரே ஒரு செல்லில், ஒரே நாளில், பல பத்தாயிரம் சேதங்கள். காரணம் சிகரெட், எக்ஸ்ரே, வெயில் மட்டும்தான் என்று நினைச்சிடாதீங்க. நாம் சுவாசிக்கிற ஆக்சிஜனும் செல்லில் இருக்கிற தண்ணீருமே பெரும்பங்கு சேதத்தைச் செய்கின்றன. இந்த எபிசோடைக் கேட்டுக்கிட்டிருக்கிற இந்த நேரத்திலும் அது நடக்கிறது. பயப்பட வேண்டாம், ரிப்பேரும் நடக்கிறது.

ஒரு எழுத்து கெட்டுப்போனால்

டி.என்.ஏ. இரட்டை இழை என்பது பள்ளியில் படித்ததுதான். ஒரு பக்கம் ஏ இருந்தால் எதிர்ப்பக்கம் டி. ஜி இருந்தால் சி. ஒரு பக்கத்தைப் பார்த்தே மறுபக்கத்தை எழுதிவிடலாம். என்னை மாதிரி ஆட்களுக்குச் சொல்லணும்னா, ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரிலேயே ஒரு பேக்கப். ஒரு பக்கம் மட்டும் கெட்டால் கவலையில்லை, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துத் திருத்திடலாம்.

உதாரணத்துக்கு, சி என்கிற எழுத்து தண்ணீர் பட்டு யு என்ற எழுத்தாக மாறிவிடும். ஒவ்வொரு செல்லிலும் தினமும் நூறு தடவையாவது இது நடக்கிறது. யு என்பது ஆர்.என்.ஏ.வில் இருக்க வேண்டிய எழுத்து, டி.என்.ஏ.வில் அதற்கு வேலையே இல்லை. அதனால் கண்டுபிடிப்பது சுலபம். ஆர்.என்.ஏ.வில் யு இருக்க, டி.என்.ஏ. மட்டும் ஏன் செலவு செய்து டி என்ற வேறு எழுத்தை வைத்திருக்கிறது என்பதற்கு விஞ்ஞானிகள் சொல்கிற காரணமும் இதுதான். டி.என்.ஏ.விலும் யு சகஜமாக இருந்திருந்தால், எது அசல் யு, எது கெட்டுப்போன சி என்று எப்படிப் பிரிக்கிறது?

இப்போ ரிப்பேர் டீம் வருகிறது. முதல் ஆள், கிளைகோசிலேஸ் என்ற புரதம். இழை நெடுக ஊர்ந்துபோய், தப்பான எழுத்தை வெளியே புரட்டிப் பார்த்து, அதை மட்டும் வெட்டி எடுக்கிறது. இழையில் ஒரு ஓட்டைப் பல் மாதிரி காலியிடம். இரண்டாவது ஆள் ஏபிஇ1, அந்தக் காலியிடத்தில் இழையை நறுக்குகிறது. மூன்றாவது பாலிமரேஸ் பீட்டா. எதிர்ப்பக்கத்தைப் பார்த்துச் சரியான எழுத்தை வைக்கிறது. கடைசியில் லிகேஸ் வந்து இழையை ஒட்டிவிடுகிறது. எக்ஸ்ஆர்சிசி1 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. அது எதையும் வெட்டாது, ஒட்டாது. மற்றவர்களைப் பக்கத்தில் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. இடையில் வருகிற ஒவ்வொரு நிலையும் ஆரம்பத்தில் இருந்த சேதத்தைவிட ஆபத்தானது. தப்பு எழுத்து இருக்கிற இழையைவிட, நறுக்கப்பட்ட இழை மோசம். அதனால் ஒரு புரதம் தன் வேலை முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போவதில்லை. அடுத்தது வந்து பிடிக்கிற வரைக்கும் பெரும்பாலும் விடாமல் வைத்திருக்கிறது. கட்டட வேலையில் சாரத்தில் நின்று செங்கல்லைக் கைமாற்றுவாங்க, பார்த்திருப்பீங்க. மேலே இருக்கிறவர் பிடிக்கும்வரை கீழே இருக்கிறவர் கையை எடுக்க மாட்டார். அதே மாதிரிதான்.

இந்த டீமில் ஒரு பெயரை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க: பார்ப்1. இழையின் ஒரு பக்கம் எங்கேயாவது அறுந்திருந்தால் உடனே போய் உட்கார்ந்து, தன்மேல் ஒரு நீண்ட வேதிச் சங்கிலியைக் கட்டி, எக்ஸ்ஆர்சிசி1, லிகேஸ் எல்லாவற்றையும் அங்கே வரவழைக்கும். ஆட்கள் வந்ததும் அந்தச் சங்கிலியாலேயே தள்ளப்பட்டுத் தானாக விலகிவிடும். சித்தியின் மாத்திரை குறிவைப்பது இந்த ஆளைத்தான். பிறகு வருவோம்.

வெயிலும் டைப்பிங் மிஸ்டேக்கும்

வேறு வகைச் சேதத்துக்கு வேறு டீம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ரெண்டு ஒட்டிக்கொண்டு இழையே வளைந்துபோகும். இங்கே ஒரு எழுத்தை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. வளைந்த இடத்தை ஒரு புரதம் கண்டுபிடிக்க, இன்னொன்று இரண்டு இழைகளையும் பிரிக்க, இரண்டு கத்திரிப் புரதங்கள் இரண்டு ஓரத்திலும் வெட்ட, கிட்டத்தட்ட 30 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டே வெளியே வருகிறது. பிறகு காலியிடம் நிரப்பப்படுகிறது. இந்த முழு வரிசையையும் விளக்கியவர்களில் முக்கியமானவர் துருக்கியில் பிறந்த அஜீஸ் சஞ்சார்.

இந்த டீம் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள். ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்று அந்த நோய்க்குப் பெயர். கொஞ்சம் வெயில் பட்டாலே தோல் புண்ணாகும். சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். பகலில் வெளியே விளையாட முடியாது. அவர்கள் செல்களில் இந்த ரிப்பேர் நடப்பதில்லை என்று 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். ரிப்பேரில் குறை இருந்தால் மனிதனுக்குப் புற்றுநோய் வரும் என்று முதன்முதலாகத் தெளிவாகக் கைகாட்டிய கண்டுபிடிப்பு அது.

மூன்றாவது வகை, காப்பி அடிக்கும்போது வருகிற தப்பு. செல் இரண்டாகப் பிரியும் முன் முழு டி.என்.ஏ.வையும் பிரதி எடுக்கணும். எடுக்கிற என்சைமே கூடவே பிழையும் பார்த்துக்கொள்ளும். அப்படியும் சுமார் ஒரு கோடி எழுத்துக்கு ஒன்று தப்பிவிடும். மொத்தம் 600 கோடிக்கு மேல் என்னும்போது ஒவ்வொரு தடவையும் 600 பிழை. அதையும் பின்னாலேயே வந்து பிடிக்க ஒரு டீம் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல். ஏ-க்கு எதிரே சி இருந்தால் தப்பு என்று தெரியும், ஆனால் எது தப்பு, ஏ-வா சி-யா? எது பழைய இழை, எது புதுசு என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். சில பாக்டீரியாக்களில் பழைய இழையில் மட்டும் ஒரு வேதி முத்திரை இருக்கும். புது இழையில் அது விழக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் முத்திரை இல்லாத பக்கத்தை வெட்டித் திருத்துகிறது செல். இதைப் படிப்படியாகக் கண்டறிந்தவர் பால் மாட்ரிச். நம் உடம்பில் இந்த டீமில் பிறவிக் குறை இருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் வரும். குடல், கருப்பைப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு அதில் ரொம்ப அதிகம்.

லிண்டால், மாட்ரிச், சஞ்சார் மூவருக்கும் சேர்த்து 2015-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ரெண்டு இழையும் ஒன்றாக அறுந்தால்

இதுவரைக்கும் சொன்னதில் எல்லாம் எதிர்ப்பக்கம் நல்லா இருந்தது. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால்? பேக்கப்பும் சேர்ந்தே போச்சு. நூல் ரெண்டு துண்டாகிவிட்டது. செல்லுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. சரியாக ஒட்டாவிட்டால் ஒரு துண்டு காணாமலே போகும், இல்லைன்னா வேறொரு குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அலாரம். எம்ஆர்என் என்ற மூன்று புரதங்களின் கூட்டணி அறுந்த முனைகளைப் பிடிக்கிறது. அது ஏடிஎம் என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. பணம் எடுக்கிற ஏ.டி.எம். இல்லைங்க, பெயர் மட்டும் அப்படி. ஏடிஎம், அறுந்த இடத்தின் இரண்டு பக்கமும் லட்சக்கணக்கான எழுத்துத் தூரத்துக்கு ‘இங்கே ஆக்சிடென்ட்’ என்று அடையாளம் வைக்கிறது. கூடவே பி53 என்ற புரதத்துக்கும் தகவல் போகும். பி53 செல் பிரிவதை நிறுத்திவைக்கும். ப்ரொடக்‌ஷனில் பெரிய பிரச்சினை வந்தால் முதலில் எல்லா டெப்ளாய்மென்ட்டையும் நிறுத்துவோம் இல்லையா, அதே லாஜிக். ரிப்பேர் முடியவே முடியாது என்றால், செல் தன்னையே அழித்துக்கொள்ளவும் பி53 ஏற்பாடு செய்யும். ஒரு செல் போனால் உடம்புக்கு நஷ்டமில்லை.

அதன் பிறகு இரண்டு வழிகள்.

முதல் வழி, வேகமானது. கு என்ற மோதிரம் போன்ற புரதம் இரண்டு முனைகளிலும் மாட்டிக்கொள்ளும். ஆமா, பெயரே கு தான். ஜப்பானிய நோயாளி ஒருவரின் பெயரில் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் அவை. அது வேறு சில புரதங்களை வரவழைக்க, முனைகளைச் சீவி, லிகேஸ்4 நேராக ஒட்டிவிடும். எந்த நேரத்திலும் செய்யலாம், சீக்கிரம் முடியும். ஆனால் ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் போகலாம், சேரலாம். கிழிந்த சட்டையை அவசரத்துக்குக் கையால் தைப்பது மாதிரி.

இரண்டாவது வழி நிதானமானது, துல்லியமானது. செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ. பிரதி எடுக்கப்பட்டிருந்தால், அதே தகவலின் இன்னொரு முழுக் காப்பி பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து எழுதுவதுதான் இந்த வழி. அறுந்த முனைகளில் ஒரு இழையைக் கொஞ்ச தூரம் கடித்து எடுத்து, மற்ற இழையை நீட்டி நிற்கவிடுவார்கள். இதைத் தொடங்கிவைப்பதில் ஒரு முக்கியப் புரதம் பிராக்கா1. நீட்டி நிற்கிற ஒற்றை இழை சுருண்டுவிடாமல் இருக்க ஆர்பிஏ என்ற புரதம் அதன்மேல் போர்த்திக்கொள்ளும். பிறகு பிராக்கா2 வருகிறது. 3,418 அமினோ அமிலங்கள் கொண்ட ராட்சசப் புரதம் அது. தன் உடம்பில் ராட்51 என்ற சின்னப் புரதங்களைச் சுமந்துகொண்டு வந்து, ஆர்பிஏவை விலக்கி, இழை நெடுக ராட்51-ஐ வரிசையாக உட்கார வைக்கும். ராட்51 போர்த்திய அந்த இழை, பக்கத்துக் காப்பிக்குள் நுழைந்து தனக்குப் பொருத்தமான இடத்தைத் தேடும். கிடைத்ததும் அதைப் பார்த்து விட்டுப்போன எழுத்துகளெல்லாம் எழுதப்படும். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சரியாகிவிடும்.

பிராக்கா1, பிராக்கா2, இந்த ரெண்டு பெயரையும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-ல் புற்றுநோய் வருவதற்கு முன்பே மார்பகங்களை அகற்றிக்கொண்டதாக எழுதினார். அவருக்கு இருந்தது பிராக்கா1 மாற்றம். என் சித்தியின் ரிப்போர்ட்டில் இருந்ததும் அதே ஜீன்தான்.

ஒரு காப்பி போனால்

பெரும்பாலான ஜீன்கள் நமக்கு இரண்டு காப்பி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சித்திக்குப் பிறக்கும்போதே பிராக்கா1-ல் ஒரு காப்பி கெட்டிருக்கிறது. மற்ற காப்பி நல்லது. ஒன்று இருந்தாலே ரிப்பேர் நடக்கும். அதனால்தான் இத்தனை வருஷம் எதுவும் தெரியல.

ஆனால் எப்போதோ, ஏதோ ஒரு செல்லில், அந்த நல்ல காப்பியும் போய்விட்டது. அந்தச் செல்லில் துல்லியமான வழி அடைபட்டது. வேகமான, பிசகு விடுகிற வழிகள்தான் மிச்சம். தப்புகள் குவிந்தன. குவிந்த தப்புகளில் சில, பிரிவதை நிறுத்தும் பிரேக்கையே கெடுத்தன. அந்தச் செல்லின் வாரிசுகள்தான் கட்டி.

மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் வம்சமாக வருவதற்கு ஒரு குறிப்பிட்ட ஜீன் காரணம் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. மேரி-கிளேர் கிங் என்ற விஞ்ஞானி பல வருஷம் குடும்பங்களின் வரலாற்றைச் சேகரித்து, அது 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-ல் காட்டினார். 1994-ல் அந்த ஜீனைப் பிரித்தெடுத்தார்கள். பிராக்கா2 அடுத்த வருஷம், 13-வது குரோமோசோமில்.

அப்போ அந்த மாத்திரை?

இப்போ தங்கச்சியின் முதல் கேள்விக்கு வருவோம். ஏற்கனவே ஒரு ரிப்பேர் இல்லாதபோது இன்னொன்றையும் ஏன் நிறுத்துகிறார்கள்?

சித்திக்குக் கொடுத்திருக்கிற மாத்திரை ஓலாபரிப். அது பார்ப்1-ஐத் தடுக்கிறது. ஒற்றை இழை அறுந்த இடத்தில் பார்ப்1 போய் உட்காரும் என்று சொன்னேன் இல்லையா? மருந்து இருந்தால் அது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாது. சங்கிலி கட்ட முடியாது, ஆட்களைக் கூப்பிட முடியாது, விலகவும் முடியாது. இந்த நேரத்தில் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கிற இயந்திரம் அந்த வழியாக வருகிறது. நடு ரோட்டில் பிரேக்டவுன் ஆகி நிற்கிற லாரிமேல் மோதுகிற மாதிரி மோதுகிறது. ஒற்றை இழைச் சேதமாக இருந்தது இப்போது இரட்டை இழைச் சேதமாகிறது.

நல்ல செல்லில் இது நடந்தால்? பிராக்கா இருக்கிறது. துல்லியமான வழியில் சரிசெய்துகொண்டு போய்விடும். சித்தியின் மற்ற செல்களிலெல்லாம் ஒரு நல்ல காப்பி இருக்கிறது என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க. அவை தாக்குப்பிடிக்கும். கட்டியின் செல்லில் அந்த வழியே கிடையாது. அது செத்துப்போகும்.

ஒரு ஊருக்கு ரெண்டு பாலம் என்று வைப்போம். ஒன்று இடிந்தாலும் இன்னொன்றில் போகலாம். இரண்டும் போனால் ஊரே துண்டிக்கப்படும். கட்டி தன் ஒரு பாலத்தைத் தானே இடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. மருந்து மிச்சமிருக்கும் பாலத்தை எல்லா செல்லிலும் மூடுகிறது. ரெண்டு பாலமும் இல்லாமல் மாட்டுவது கட்டி மட்டும்தான். கட்டிக்கு வளர வசதியாக இருந்த அதே குறையை வைத்து அதை அடிக்கிறார்கள்.

2005-ல் ‘நேச்சர்’ இதழில் இரண்டு தனித்தனிக் குழுக்கள் இதை ஒரே சமயத்தில் காட்டின. பிராக்கா இல்லாத செல்கள் பார்ப் தடுப்பு மருந்துக்கு மற்ற செல்களைவிடப் பல மடங்கு எளிதாகச் செத்தன. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் ஓலாபரிப்புக்கு அனுமதி கிடைத்தது. 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், சித்தி மாதிரி பிராக்கா மாற்றத்தோடு முற்றிய சினைப்பைப் புற்றுநோய் வந்து, கீமோ பலன் தந்த பெண்களிடம் இதைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோய் மறுபடி தலைதூக்குவதோ மரணமோ நேரும் ஆபத்து 70 சதவீதம் குறைந்திருந்தது.

மாயம் எல்லாம் இல்லை. சோர்வு, குமட்டல், ரத்தசோகை வரும். சித்திக்கும் முதல் மாசம் சாப்பாடே இறங்கல. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவை. சில கட்டிகள் தப்பிக்கவும் கற்றுக்கொள்கின்றன. கெட்டுப்போன பிராக்கா ஜீனில் இன்னொரு மாற்றம் ஏற்பட்டு, அது மறுபடி வேலை செய்யத் தொடங்கினால், இடிந்த பாலம் திரும்பவும் கட்டப்பட்ட மாதிரி. அப்போது மருந்து கேட்காது.

இது எனக்கும் வருமா?

இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. தங்கச்சிக்கு 24 வயசு.

சித்தியிடம் ஒரு கெட்ட காப்பி, ஒரு நல்ல காப்பி. தங்கச்சிக்கு அதில் எது போயிருக்கும் என்பது சரிபாதி வாய்ப்பு. பூவா தலையா மாதிரி. கெட்டது போயிருந்தால்கூட, போயிருப்பது புற்றுநோய் இல்லை. வருகிற வாய்ப்பு மட்டும்தான். ஆனால் அந்த வாய்ப்பு சின்னதில்லை. பிராக்கா1 மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர ஏறக்குறைய 70 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் வர ஏறக்குறைய 40 சதவீதம் வாய்ப்பு என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. தெரிந்துவிட்டால் செய்யக்கூடியவை இருக்கின்றன: இளம் வயதிலேயே எம்.ஆர்.ஐ. ஸ்கேனோடு கண்காணிப்பு, குழந்தை பெற்ற பிறகு சினைப்பையை அகற்றுவது போன்ற முடிவுகள். எந்த முடிவு, எப்போது என்பதை டாக்டரோடும் ஜெனடிக் கவுன்சிலரோடும் உட்கார்ந்து பேசித்தான் எடுக்கணும்.

படிக்கும்போது ஒரு இடத்தில் எனக்கே பக்குனு ஆச்சு. சித்தி என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி. சித்திக்கு அது தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்திருக்கும். அப்படின்னா அம்மாவுக்கும் சரிபாதி வாய்ப்பு. அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் சரிபாதி. ‘இது பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று எங்கள் வீட்டிலேயே ஒரு பேச்சு இருந்தது. பிராக்கா மாற்றம் ஆண்களுக்கும் வரும், ஆண் வழியாகவும் மகளுக்குப் போகும். முக்கியமாகப் பிராக்கா2 மாற்றம் உள்ள ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். அபூர்வமாக மார்பகப் புற்றுநோயும் வரும். அப்பா பக்கத்து அத்தைக்கு வந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் எடுக்கணும்.

அம்மா டெஸ்ட் எடுத்தாங்க. ரிசல்ட் வர நாலு வாரம் ஆச்சு. சித்தியிடம் இருந்த மாற்றம் அம்மாவிடம் இல்லை. அதனால் நான் இதுக்காக டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. போனில் சொன்னபோது அம்மா சந்தோஷப்படவே இல்லை. “அவளுக்கு மட்டும் ஏன்டா இப்படி?” என்றுதான் கேட்டாங்க. அதற்கு என்னிடம் பூவா தலையா என்பதைத் தவிர வேற பதில் இல்ல.

தங்கச்சி இன்னும் எடுக்கல. கவுன்சிலரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். எடுப்பதா வேண்டாமா, எப்போது என்பது அவள் முடிவு. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் இந்த எபிசோடின் ஸ்கிரிப்டை முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். படித்துவிட்டு, “பாலம் உதாரணம் நல்லா இருக்குண்ணா, அம்மாவுக்கு நானே சொல்லிட்டேன். இப்போ மாத்திரை போடும்போது ‘பாலத்தை மூடுறேன்’னு சொல்லிட்டுப் போடறாங்க” என்று பதில் அனுப்பினாள்.

முடிக்கும் முன்

மூன்று விஷயம் சொல்லிக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இது உங்கள் சிகிச்சைக்கான ஆலோசனையும் இல்லை. இரண்டாவது, பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்தது என்பதற்காக எல்லோரும் டெஸ்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் இளம் வயதில் வந்தது, ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தது, சினைப்பைப் புற்றுநோய் வந்தது, ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. மூன்றாவது, ரிப்போர்ட்டில் ‘இந்த மாற்றம் கெட்டதா இல்லையா என்று தெரியவில்லை’ என்ற வகையிலும் முடிவு வரலாம். அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்காதீங்க. அதை மட்டும் வைத்து ஆபரேஷன் மாதிரி பெரிய முடிவும் எடுக்காதீங்க.

எங்கள் வீட்டில் பாட்டியின் அக்கா எதில் இறந்தார் என்று கேட்டால், “வயித்துல கட்டி” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அது சினைப்பையா, குடலா, யாருக்கும் தெரியாது. இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது உங்கள் வீட்டுப் பெரியவங்களிடம் இதைக் கொஞ்சம் கேட்டு எழுதி வைங்க. யாருக்கு, என்ன வயதில், எந்த உறுப்பில். டாக்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.